கேஸ் பாய்லர் மக்கர் செய்தால்: மூடியைத் திறக்காமல் பார்க்க வேண்டியவை

கேஸ் பாய்லர் உள்ள வீட்டில் முதன்முறையாகக் குளிர்காலத்தைக் கழிக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுவரில் மாட்டிய அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் காலையில் வெந்நீர்க் குழாயில் சில்லென்று தண்ணீர் வரும்போதுதான் அதன் முன்னால் போய் நிற்கிறோம். திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் மினுக்குகின்றன. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கை தயங்குகிறது.

அந்தத் தயக்கம் நல்லதுதான். ஆனால் பாய்லர் நிற்பதற்கான காரணங்களில் பல, வீட்டில் இருப்பவரே பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை. எல்லை எங்கே என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பாய்லருக்குள் தண்ணீர் ஓடும் பாதை ஒன்று, கேஸ் எரியும் பாதை ஒன்று. தண்ணீர்ப் பாதையில் வெளியே தெரிகிற வால்வு, பிரஷர் மீட்டர், ரேடியேட்டர் (பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) திருகு ஆகியவற்றில் நீங்கள் கைவைக்கலாம். கேஸ் குழாயையும், திருகு போட்டு மூடிய முன்மூடிக்குள் இருக்கும் எதையும் தொடவே கூடாது. பல பாய்லர்களில் அந்த மூடிதான் தீ எரியும் அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கிறது. கழற்றி மாட்டும்போது ரப்பர் விளிம்பு கொஞ்சம் விலகினாலும் எரிந்த புகை வீட்டுக்குள் வரும். பல நாடுகளில் உரிமம் இல்லாதவர் இந்த வேலையைச் செய்வது சட்டப்படியும் குற்றம்.

முதலில் ஆபத்து இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

பாய்லர் ஓடாவிட்டால் குளிரும், அவ்வளவுதான். கேஸ் கசிந்தால் உயிர் போகும். அதனால் பெட்டியின் முன் நின்றவுடன் முதல் வேலை, மூக்கால் பார்ப்பது. சமையலுக்கும் பாய்லருக்கும் வரும் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே துர்நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள். எனவே லேசாக வாடை அடித்தாலும் அதை நம்புங்கள். எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கேஸ் மீட்டர் அருகிலோ சிலிண்டரிலோ உள்ள கேஸ் வால்வை மூடுங்கள். நெம்புகோல் மாதிரிக் கைப்பிடி என்றால், அது குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். பிறகு வெளியே போய், அங்கிருந்து அவசர எண்ணை அழையுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே போகும். வாடையை எந்த உயரத்தில் தேடுவது என்பதற்கு இது உதவும்.

கார்பன் மோனாக்சைடு இதைவிட மோசம், ஏனென்றால் அதற்கு வாசனையே இல்லை. கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் இந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. நீலமாக எரியவேண்டிய தீ மஞ்சளாகத் தள்ளாடுவது, பாய்லரைச் சுற்றிக் கரிக்கறை, வீட்டில் இருக்கும்போது தலைவலியும் குமட்டலும் வந்து வெளியே போனால் தெளிவது, இவையெல்லாம் அறிகுறிகள். வீட்டில் பலருக்கும் ஒரே நாளில் ‘காய்ச்சல் வருகிற மாதிரி’ இருந்தால் பாய்லரைச் சந்தேகியுங்கள். உடனே அதை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும்.

பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி மாட்டலாம். இ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி செய்த அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்கும். 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள் ஒலிக்கும். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் வாங்கி மாட்டிவிடுங்கள்.

மூன்று கேள்விகள்

ஆபத்து இல்லை என்று தெரிந்தது. இனி நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

பாய்லருக்குக் கரண்ட் வருகிறதா? கேஸில் எரியும் பெட்டிதான், ஆனால் தீப்பொறி, பம்ப், மின்விசிறி எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. திரை இருண்டிருந்தால் பாய்லருக்கென்று உள்ள தனி ஸ்விட்சையும் மின்பெட்டியில் உள்ள பிரேக்கரையும் பாருங்கள். திரை எரிகிறது, ஆனால் ஹீட்டிங் மட்டும் வரவில்லை என்றால், அறைச் சூட்டைப் பார்த்து ஹீட்டிங்கைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் பக்கம் போங்கள். கம்பியில்லாத தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்துபோயிருப்பது மிகச் சாதாரணம். கரண்ட் போய்வந்தால் சில டைமர்களில் கடிகாரம் மாறிவிடும்; நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டு அது ஹீட்டிங்கை அணைத்து வைத்திருக்கும். தெர்மோஸ்டாட்டை 25 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். ‘கிளிக்’ என்று சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் பாய்லர் உறுமத் தொடங்கினால் பாய்லரில் குறை இல்லை.

கேஸ் வருகிறதா? கேஸ் அடுப்பு இருந்தால் பற்றவைத்துப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் பாய்லரைக் குறைசொல்லிப் பயனில்லை. மீட்டரில் முன்பணம் தீர்ந்திருக்கலாம், சிலிண்டர் காலியாகியிருக்கலாம், யாராவது வால்வை மூடியிருக்கலாம்.

மூன்றாவது கேள்விதான் பாதி விடையைச் சொல்லிவிடும்: நின்றது வெந்நீரா, ரேடியேட்டரா, இரண்டுமா?

காம்பி பாய்லர் என்று சொல்லப்படும் வகையில் தனித் தொட்டி கிடையாது. ஒரே தீ இரண்டு வேலையையும் செய்கிறது. சாதாரணமாகச் சூடான நீர் ரேடியேட்டர்களுக்கு ஓடும். நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறந்தவுடன் உள்ளே ஒரு திசைமாற்று வால்வு நகர்ந்து, அந்தச் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்குத் திருப்புகிறது. இதைப் புரிந்துகொண்டால் பல புதிர்கள் அவிழும். இரண்டுமே நின்றுவிட்டால் கரண்ட், கேஸ், தண்ணீர்ப் பிரஷர், பற்றவைப்பு இவற்றில் ஒன்று. ரேடியேட்டர் நன்றாகச் சுடுகிறது, குழாயில் மட்டும் வெதுவெதுப்பு. அல்லது வெந்நீரைத் திறந்தால் கோடைக்காலத்திலும் ரேடியேட்டர் சுடுகிறது என்றால் அந்தத் திசைமாற்று வால்வு நடுவில் சிக்கியிருக்கிறது. அதை டெக்னீஷியன்தான் மாற்ற வேண்டும். ஆனால் வருகிறவரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே அவர் வேலை பாதியாகிவிடும்.

இன்னொன்று: பாய்லரின் முகப்பில் பெரும்பாலும் இரண்டு குமிழ்கள் இருக்கும், ஒன்றில் ரேடியேட்டர் படம், ஒன்றில் குழாய்ப் படம். துடைக்கும்போது யாராவது ஒன்றைக் கடைசிவரை திருப்பிவிட்டிருந்தால் அந்த ஒரு வேலை மட்டும் நின்றிருக்கும். இதையும் பார்த்துவிடுங்கள்.

பிரஷர்: இங்கேதான் அதிகம் சிக்குகிறோம்

பாய்லரும் ரேடியேட்டர்களும் அவற்றை இணைக்கும் குழாய்களும் சேர்ந்து, மூடிய ஒரு வட்டம். அதற்குள் ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அந்தத் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதைப் பாய்லரின் முகப்பிலோ அடியிலோ உள்ள மீட்டர் ‘பார்’ என்ற அளவில் காட்டும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 வரை இருப்பது சரி. சூடானதும் 2 வரை ஏறலாம். 0.5-க்குக் கீழே போனால் பெரும்பாலான பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும். தண்ணீர் இல்லாமல் எரிந்தால் உள்ளே இருக்கும் உலோகம் வெந்துபோகும் என்பதால் அந்தப் பாதுகாப்பு.

குறைந்திருந்தால் நிரப்புவது இப்படி:

1. பாய்லரை அணைத்து, ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மீட்டர் உண்மையான அளவைக் காட்டாது.

2. பாய்லரின் அடியில் வெள்ளி நிறக் கம்பி பின்னிய சிறு குழாய் ஒன்றைத் தேடுங்கள். இரண்டு முனையிலும் வால்வு இருக்கும். சில மாடல்களில் அதற்குப் பதிலாக உள்ளேயே ஒரு நெம்புகோலோ சாவியோ இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

3. ஒரு வால்வை முழுதாகத் திறங்கள். மற்றதை மெள்ள மெள்ளத் திறங்கள். தண்ணீர் ‘ஸ்ஸ்’ என்று ஓடுவது கேட்கும். கண்ணை மீட்டரிலிருந்து எடுக்காதீர்கள்.

4. முள் 1.2-ஐத் தாண்டியதும் இரண்டு வால்வுகளையும் இறுக மூடுங்கள். ஒன்றை லேசாகத் திறந்து விட்டால்கூட பிரஷர் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போகும்.

5. பாய்லரைப் போட்டு, தேவையானால் ரீசெட் பட்டனை அழுத்துங்கள்.

கொஞ்சம் அதிகமாக நிரப்பிவிட்டால் பயப்பட வேண்டாம். ஏதாவது ஒரு ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தால் இறங்கிவிடும்.

வருடத்தில் ஓரிரு தடவை நிரப்புவது இயல்பு. வாரத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு தடவை நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கும் ஈரம் தெரியவில்லை, அதனால் கசிவு இல்லை என்று நினைத்தேன். உண்மையில் மாடியறை ரேடியேட்டரின் வால்வு இணைப்பில் சொட்டிய நீர், அந்தச் சூட்டிலேயே உடனுக்குடன் ஆவியாகிக்கொண்டிருந்தது. பித்தளை மேல் பச்சையாகப் பூத்திருந்த ஒரு படிவுதான் கடைசியில் காட்டிக்கொடுத்தது. அதற்குள் புதிதாக நிரப்பிய ஒவ்வொரு தடவையும் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போய், ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரித்துவிட்டது. இரண்டு ரேடியேட்டர்களை மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை வைத்து ஒற்றிப் பாருங்கள். ஈரமோ, பச்சை அல்லது வெள்ளைப் படிவோ இருந்தால் அங்கேதான்.

வேறொரு விதமும் உண்டு. ஆறியிருக்கும்போது பிரஷர் சரியாக இருக்கிறது. ஹீட்டிங் போட்டதும் 3 வரை எகிறுகிறது. மறுநாள் காலையில் பூஜ்ஜியத்தில் கிடக்கிறது. இது கசிவு மாதிரித் தெரிந்தாலும் மூலம் வேறு. தண்ணீர் சூடானால் விரியும். அந்த விரிவுக்கு இடம்கொடுக்க பாய்லருக்குள் விரிவுக்கலம் என்று ஒரு சிறிய உலோகக் கலம் உண்டு. நடுவில் ரப்பர் திரை, அதற்கு அந்தப் பக்கம் காற்று. காற்று இறங்கிப்போனாலோ ரப்பர் கிழிந்தாலோ விரியும் நீருக்கு இடம் கிடையாது. 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளிச்சுவரில் உள்ள செம்புக் குழாய் வழியாகக் கொட்டிவிடும். ஆறியதும் பிரஷர் விழுந்துவிடும். வெளியே போய் அந்தக் குழாயின் அடியில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் நிரப்பிக்கொண்டே இருக்காமல் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். காற்றை மட்டும் மறுபடி நிரப்பினாலே போதும் என்று ஆகவும் வாய்ப்பு இருக்கிறது, பாய்லரே போய்விட்டது என்று யாராவது சொன்னால் இதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

திரையில் மினுக்கும் எழுத்து

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை. வைலன்ட் பாய்லரில் எஃப் 22 என்றால் தண்ணீர் போதவில்லை, எஃப் 28 என்றால் தீ பிடிக்கவில்லை. ஐடியல் பாய்லர்களில் அதே தண்ணீர்க் குறைவுக்கு எஃப் 1. வொர்செஸ்டர் பாஷ்ஷில் இ.ஏ. என்று வந்தால் தீச்சுடரை உணர முடியவில்லை என்று பொருள். திருகு கழற்றாமல் கையாலேயே இறங்கும் சிறு முகப்புக் கதவு இருந்தால் அதன் உட்புறத்தில் குறியீட்டுப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள், அல்லது கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

தீ பிடிக்கவில்லை என்பதை பாய்லர் எப்படி அறிகிறது என்று தெரிந்தால் ரீசெட் பட்டனை மதிப்பீர்கள். தீச்சுடர் வழியே மிக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். தீயருகே நீட்டியிருக்கும் ஒரு கம்பி அதை அளக்கிறது. சில விநாடிகளில் மின்னோட்டம் தெரியாவிட்டால், எரியாத கேஸ் சேர்ந்துவிடக் கூடாது என்று கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். சில முறை முயன்றுவிட்டு பாய்லர் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டைத்தான் ரீசெட் திறக்கிறது. ஒரு தடவை அழுத்தலாம், சில நிமிடம் விட்டு இன்னொரு தடவை அழுத்தலாம். அதற்கு மேல் அழுத்திக்கொண்டே இருப்பது, காவலாளி தடுக்கத் தடுக்க உள்ளே நுழைவது போல. பற்றும்போது ‘டம்’ என்று வெடிச்சத்தம் கேட்டால் ஒரு தடவைகூட அழுத்தாதீர்கள். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கடுங்குளிர் நாளில் நின்றால்

வெளியே உறைபனி, பாய்லரில் களகளவென்று தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம், அப்புறம் அது நின்றுவிட்டது. இப்படியென்றால் நான் முதலில் வெளியே போய் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பார்ப்பேன். இப்போதைய கண்டென்சிங் பாய்லர்கள் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் சூட்டையும் பயன்படுத்துகின்றன. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் இது நடக்கும். அப்படிப் பிரியும் நீர் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்கூட இருக்கும். அது வெளிச்சுவர் வழியே போகும்போது வளைவிலோ வாயிலோ உறைந்து அடைத்துக்கொள்கிறது. நீர் உள்ளே தேங்கியதும் பாய்லர் நின்றுவிடும்.

வெதுவெதுப்பான நீரை அந்தக் குழாய்மேல் ஊற்றுங்கள், அல்லது வெந்நீர்ப் பையைச் சுற்றி வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும். கீழே சிந்தியது உறைந்து வழுக்கும், அதையும் கவனியுங்கள். உருகி நீர் சொட்டத் தொடங்கியதும் ரீசெட். குழாய்க்கு நீர் புகாத உறை ஒன்று போட்டுவிட்டால் அடுத்த குளிருக்குத் தொந்தரவு குறையும். ஏணி போட்டு ஏறவேண்டிய உயரம் என்றால் விட்டுவிடுங்கள்.

வெந்நீர் சுட்டும் ஆறியும் வருவது

இதைப் பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. 24 கிலோவாட் காம்பி பாய்லர், நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தும். குளிர்காலத்தில் குழாயில் 5 டிகிரியில் வரும் நீர் 40 ஆகிவிடும். குளிக்க அது போதும். அதே குழாயை முழுதாகத் திறந்து நிமிடத்துக்கு 15 லிட்டர் எடுத்தால் 23 டிகிரிதான் ஏறும், வெதுவெதுப்பாகத்தான் வரும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து பாருங்கள். குழாயைக் கொஞ்சம் மூடினாலே சூடு ஏறினால் பாய்லர் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

மெதுவாகத் திறந்தும் சூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பாய்லரின் சூட்டைக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றும் தகட்டு அடுக்கில் (தகட்டு வெப்பமாற்றி) சுண்ணாம்பு படிந்திருக்கலாம். உப்புத் தண்ணீர் வரும் இடங்களில் இது சகஜம். சுத்தம்செய்வதோ மாற்றுவதோ டெக்னீஷியன் வேலை. கெட்டில் கொதிப்பது போல பாய்லர் முனகுவதற்கும் பெரும்பாலும் இந்தப் படிவுதான் காரணம்: சூடாகும் உலோகத்தின்மேல் படிவு மூடி, அங்கங்கே தண்ணீர் கொதித்துவிடுகிறது.

ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள்

மேலே குளிர்ச்சி, கீழே சூடு என்றால் உள்ளே காற்று. கீழே நடுவில் குளிர்ச்சி, மேலே சூடு என்றால் அடியில் துருச்சேறு. ஒன்று மட்டும் முழுக்கக் குளிர்ந்திருந்தால் அதன் வால்வு மூடியிருக்கலாம் அல்லது சிக்கியிருக்கலாம்.

காற்றை வெளியேற்ற, ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் முனையில் உள்ள சிறு சதுரத் திருகில் அதற்கான சாவியைப் போட்டு அரைச்சுற்று திருப்புங்கள். அடியில் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று சீறி, பிறகு தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். கீழ்த்தளத்தில் ஆரம்பித்து மேல்தளத்தில் முடியுங்கள். எல்லாம் முடிந்ததும் பிரஷர் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்ப வேண்டும்.

சூட்டுக்கேற்ப தானாகத் திறந்து மூடும் வால்வு என்றால், அதன் தலைப்பகுதியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு ஊசி நிற்கும். விரலாலோ ஒரு தட்டையான பொருளாலோ மெதுவாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். கோடை முழுக்க மூடிக் கிடந்தவற்றில் இந்த ஊசிதான் இறுகிப்போகும். நாலைந்து முறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் விடுபடும். இடுக்கியால் பிடித்து மேலே இழுக்க மட்டும் முயலாதீர்கள், ஊசி வெளியே வந்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சும்.

துருச்சேறு கறுப்பாக, மை மாதிரி இருக்கும். இதை வீட்டில் இருப்பவர் தீர்க்க முடியாது. கருவி வைத்து முழு அமைப்பையும் அலசவேண்டும். அலசிய பிறகு துருத்தடுப்பு மருந்து ஊற்றி, காந்த வடிகட்டி ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். அந்தத் துரு காந்தத்தில் ஒட்டும் இரும்பு என்பதால் வடிகட்டி நன்றாகவே பிடித்துவைக்கும்.

ஆளைக் கூப்பிடும்போது

பாய்லரின் கம்பெனி, மாடல், திரையில் வந்த குறியீடு, ஆறியிருந்தபோதும் சூடாக இருந்தபோதும் பிரஷர் எவ்வளவு, வெந்நீரா ஹீட்டிங்கா இரண்டுமா, எப்போது தொடங்கியது, எத்தனை தடவை ரீசெட் செய்தீர்கள் என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனை எடுங்கள். மீட்டரையும் திரையையும் போட்டோ எடுத்து அனுப்பினால் சரியான உதிரிப் பாகத்தோடு வருவார். வருகிறவரின் உரிம அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நல்ல டெக்னீஷியன் அதற்குக் கோபப்பட மாட்டார். வேலை முடிந்ததும் புகைக்குழாயில் கருவி வைத்து கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.